முதல் நாள் கையெழுத்து

டான்யாவின் காய்ச்சல் டெங்கி இல்லை என்று தெரிந்து மூன்று நாள் ஆகிறது. அதற்கு முன்னால் பதினேழு நாள் டெங்கி என்றே நம்பி, பப்பாளி இலைச் சாறு பிழிந்து பிழிந்து மரியகொரெட்டியின் விரல் நகமெல்லாம் பச்சையாகிவிட்டது. அந்தக் கசப்பை எட்டு வயசுப் பிள்ளை ஒரு முனகல் இல்லாமல் குடித்தது. அதை நினைத்தால்தான் பெற்றவளுக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

காலில் அடி படாமலே கருநீலக் கன்றல்கள் வந்த பிறகுதான் கோலா சாவா செம்பனைத் தோட்டத்திலிருந்து மம்பாவ் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த டாக்டர் ரத்தச் சோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “நேரா சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போய் துணி எடுத்துக்கிட்டு வரேன்னு சொல்லாதீங்க” என்றார். மூத்தவன் ரியானை லோபாக்கில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கட்டிய துணியோடு வந்து சேர்ந்தார்கள். நேற்று டான்யாவின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள்.

இன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குத் தாய் தகப்பன் இரண்டு பேரும் தன் அறைக்கு வரவேண்டும் என்று டாக்டர் ரோகினி சொல்லியனுப்பியிருந்தார்.

போனது மூன்று பேர்.

மூன்றாவது ஆள் இஞ்ஞாசி. மரியகொரெட்டியின் கணவன் ஹரோல்டுக்கு உடன்பிறந்த அண்ணன். தோட்டத்தில் பள்ளிக்கூடமோ, போலீஸ் நிலையமோ, பெண் கேட்கப் போவதோ, எங்கே வாய் திறக்க வேண்டியிருந்தாலும் முதலில் இஞ்ஞாசியைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருஷம் தொழிலாளர் கமிட்டியில் இருந்த மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நீல ஃபைல். அன்றைக்கு அந்த ஃபைலுக்குள் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். ஒன்றும் இல்லை. கையில் ஃபைல் இல்லாமல் எதிராளிக்கு முன்னால் உட்காரக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

“நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

டாக்டர் ரோகினிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் நாற்காலியை இழுத்து இவர்கள் பக்கமாகவே போட்டுக்கொண்டார். இஞ்ஞாசிக்கு அது பிடிக்கவில்லை. மேசை நடுவில் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

“மஜ்ஜை ரிசல்ட் வந்துருச்சு. டான்யாவுக்கு லுக்கிமியா. ரத்தப் புற்றுநோய்” என்றார் டாக்டர்.

ஹரோல்ட் சுவரைப் பார்த்தான். ‘சேசுவே, என் பிள்ளைக்கா?’ என்று மரியகொரெட்டியின் நெஞ்சுக்குள் ஒரு குரல் கத்தியது.

“சின்னப் பிள்ளைங்களுக்கு அதிகமா வர்ற வகை. மருந்துக்கு நல்லா கேக்கும். பத்துப் பிள்ளைங்கள்ல எட்டுப் பேராவது குணமாயிடுறாங்க. ஆனா ட்ரீட்மென்ட் ரெண்டு வருஷம். இன்னைக்கு சாயங்காலமே மாத்திரை ஆரம்பிக்கணும். நாளைக்குக் காலைல மயக்கம் குடுத்து முதுகுத்தண்டுல ஊசி, அப்படியே மருந்து ஏத்த நெஞ்சுல ஒரு குழாய். அதுக்கு உங்க சம்மதம் வேணும்.”

டாக்டர் மூன்று காகிதங்களை முன்னால் வைத்தார். ஹரோல்ட் கையை நீட்டுவதற்குள் இஞ்ஞாசி அவற்றை மரியாதையாக ஓரமாக நகர்த்தினார்.

“முதல்ல பேசுவோம் டாக்டர். ரெண்டு வருஷம்னு சொன்னீங்க.”

“ஆமா அங்கிள்.”

“ஒரு வருஷம்.”

டாக்டருக்குப் புரியவில்லை. “என்ன ஒரு வருஷம்?”

“ஒரு வருஷத்துல முடிச்சுக் குடுங்க. பிள்ளை ரெண்டாம் ஆண்டு படிக்குது. ஒரு வருஷம் போனா சமாளிச்சிடலாம்லா, ரெண்டு போனா படிப்பு என்னாவுறது? உங்களுக்கும் கஷ்டம் வேணாம், ஒன்றரைல வந்து நிப்போம். அப்புறம் அந்த முதுகு ஊசி. அதை எடுத்துடுங்க. மாத்திரைக்கு நாங்க ஒத்துக்கிறோம்.”

மரியகொரெட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிர்வாகியிடம் கூலி பேசுவதுபோல என் பிள்ளையின் மருந்தைப் பேசுகிறாரே! ஹரோல்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அண்ணன் சொல்லுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான். பாவம், அவன் காதில் எதுவுமே விழுந்திருக்காது.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “அங்கிள், இந்த ரெண்டு வருஷம் நான் கேக்கிறது இல்ல. நோய் கேக்கிறது. முதுகு ஊசி போடலன்னா அது மூளையில போய் ஒளிஞ்சுக்கும். நீங்க அதுகிட்ட பேசி ஒன்றரைக்கு ஒத்துக்க வச்சீங்கன்னா எனக்கும் சந்தோஷந்தான்.”

“டாக்டர்...” என்று மரியகொரெட்டி வாயெடுத்தாள்.

“இரும்மா” என்று இஞ்ஞாசி ஒரு விரலை உயர்த்தினார். அவ்வளவுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் அதைக் கவனித்தார்.

“எங்களுக்கு டைம் குடுங்க. வியாழக்கிழமை பதில் சொல்றோம்” என்று இஞ்ஞாசி எழுந்தார்.

“வியாழக்கிழமை வரைக்கும் விடுறது நல்லதில்ல அங்கிள்.”

“இன்னைக்கே போடு, இப்பவே போடுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. பதறாத காரியம் சிதறாது டாக்டர்.”

இதைக் கேட்டு அவரை மூடர் என்று நினைத்துவிடாதீர்கள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்தை விற்றபோது, முதல் நாள் நீட்டிய காகிதத்தில் முதல் நாளே கையெழுத்துப் போட்ட நாற்பது குடும்பமும் மாதக் கடைசியில் சட்டிபானையோடு ரோட்டில் நின்றது. அடுத்த வருஷம் அதே காகிதம் இந்தத் தோட்டத்துக்கும் வந்தது. ‘எவனும் முதல் நாள் கையெழுத்துப் போடக் கூடாது’ என்று இஞ்ஞாசி லயத்து வீடுகளின் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்தார். மூன்று மாசம் அவர் அசையவில்லை. கடைசியில், கையெழுத்துப் போடாமல் இருந்தவர்களுக்கெல்லாம் வீடு கிடைத்தது. மரியகொரெட்டி மாமா என்று கூப்பிடும் அந்த மனிதரின் பிடிவாதத்தால்தான் அவள் இன்றைக்கும் சொந்தக் கூரையின் கீழ் உலை வைக்கிறாள். அதிலிருந்து அந்தத் தோட்டத்தில் முதல் நாள் கையெழுத்து என்பது வேதக் கட்டளையை மீறுவதுபோல.

அவளும் அதை மீறியவள் இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு இஞ்ஞாசி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். “தெரிஞ்ச ஆளுங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க. விசாரிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் யார் எதை நீட்டினாலும் தொடாதீங்க” என்றார். போவதற்கு முன்னால் டான்யாவின் கட்டிலருகே குனிந்து காதில் ஏதோ சொன்னார். பிள்ளை தலையாட்டியது. பெரியப்பா என்றால் அதற்கு உயிர்.

டான்யா முந்தின நாளைவிட வெளுத்திருந்தாள். பல் துலக்கியபோது ஈறில் வந்த ரத்தம் இன்னும் உதட்டோரத்தில் காய்ந்திருந்தது. “அம்மா, தலை கனமா இருக்கு” என்றாள். “காய்ச்சல் விட்டா சரியாயிடும்” என்று மரியகொரெட்டி சொன்னாள். வாய் கூசாமல் பொய் சொல்ல மூன்று நாளில் பழகியிருந்தது.

இரண்டு மணிக்கு, எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் வார்டு நர்ஸ் வந்து, டாக்டர் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஹரோல்ட் காற்றாட வெளியே போயிருந்தான். மரியகொரெட்டி தனியாகவே போனாள். அந்த அறைக் கதவைத் தட்டும்போது, கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் ஓர் அதிகாரியின் முன்னால் தான் தனியாக நின்றதே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“உட்காருங்க அக்கா. காலைல நீங்க என்னமோ கேக்க வந்தீங்க. இப்பக் கேளுங்க.”

அவ்வளவு கனிவாக யாராவது கேட்டால் அழுகைதான் வரும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னாலயா டாக்டர்? இவ வயித்துல இருக்கும்போது நாலு மாசம் வரைக்கும் நான் தோட்டத்துல களைக்கொல்லி மருந்து அடிச்சேன். முதுகுல மருந்துத் தோம்பு கட்டிக்கிட்டு. சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்கன்னு வேலை வாங்குற மண்டோர்கிட்டகூட சொல்லல. அதனாலதான் வந்துச்சா?”

இதை அவள் ஹரோல்டிடம்கூடச் சொன்னதில்லை.

“இதனாலதான் வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது அக்கா. மருந்தே தொடாத வீட்டுப் பிள்ளைங்களுக்கும் வருது. ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியா தெரியல. நீங்க வேணும்னு எந்தத் தப்பும் செய்யல. இதைச் சுமந்துக்கிட்டு ரெண்டு வருஷம் ஓட முடியாது. இறக்கி வச்சிடுங்க.”

இறக்கி வைக்கிற சுமையா அது? ஆனாலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததுபோல இருந்தது.

டாக்டர் ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். “இது வெள்ளை அணு. பிள்ளைக்குப் பத்துப் பதினஞ்சாயிரத்துக்குள்ள இருக்கணும். நேத்து தொண்ணூறாயிரம். இன்னைக்கு மத்தியானம் ஒரு லட்சத்து நாப்பதாயிரம். எல்லாம் கெட்ட அணு. இப்படியே ஏறினா ரத்தம் கெட்டியாகி மூளையில அடைக்கலாம், கசியலாம். தலை கனமா இருக்குன்னு மிஸ்ஸிகிட்ட சொல்லியிருக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

“வியாழக்கிழமை வரைக்கும் தாங்குமா?”

“தாங்கலாம். தாங்காமலும் போகலாம். என் பிள்ளையா இருந்தா நான் இன்னைக்கு ராத்திரி வரைக்கும்கூட விடமாட்டேன்.”

மரியகொரெட்டி கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தாள். பிறகு காலையிலிருந்து யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டாள். “மருந்தாலேயே பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?”

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார். “ஆகலாம் அக்கா. முதல் மூணு நாலு நாள் கஷ்டமான நாள். கெட்ட அணு ஒரேயடியா உடையும்போது சிறுநீரகம் திணறும். அதுக்குத்தான் நேத்துலேர்ந்தே தண்ணி ஏத்துறோம், மாத்துமருந்தும் குடுக்கிறோம். ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் ரத்தம் பார்ப்போம். அப்புறம் கிருமி தொத்தும். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செஞ்சாலும், நூறு பிள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேரை நாங்க மருந்தாலயே இழந்திருக்கோம். மறைக்க மாட்டேன்.”

“மருந்து குடுக்கலன்னா?”

“நூத்துல ஒண்ணுகூடத் தங்காது.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்தாள்.

“நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டா செல்லுமா?”

“செல்லும். நீங்க அம்மா.”

“என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்து போடுறேன். ஒளிச்சு செய்ய மாட்டேன்.”

ஹரோல்ட் மாடிப்படியருகே பெஞ்சில் இருந்தான். கையில் சாப்பிடாத ரொட்டிப் பொட்டலம். அவள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைச் சொன்னாள், மூளையைச் சொன்னாள். களைக்கொல்லியை மட்டும் சொல்லவில்லை. அதற்கு வேறொரு நாள் வேண்டும்.

“அண்ணன் வரட்டும்” என்றான் அவன்.

“மாமா வந்து என்ன சொல்வாங்கன்னு தெரியும்.”

“நாம இருக்கிற வீடு யாரால கொரெட்டி?”

“மாமாவாலதான். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அன்னைக்கு மூணு மாசம் காத்திருந்தோம், வீடு அங்கேயேதான் நின்னுச்சு. இது பிள்ளை. காத்திருந்தா நிக்குமா?”

“மருந்து குடுத்து ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“ஆகலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க.”

“தெரிஞ்சுமா போடுவே?”

“தெரிஞ்சுதான் போடுறேன்.”

செம்பனைப் பழக்குலை லாரியை எந்தச் சேற்றிலும் ஓட்டிக்கொண்டு வருகிற மனிதன், பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் முகம் சுருங்கியிருந்தது. “போட்டுக்க. என்னைக் கேக்காதே. என்னால முடியாது கொரெட்டி, என்னால முடியாது.” படியிறங்கிப் போய்விட்டான். அண்ணனைத் தேடித்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள். கோபம் வந்தது. பின்னாலேயே ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் என்றும் வந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை.

டாக்டர் மூன்று காகிதங்களையும் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். புரியாத இடத்தில் மரியகொரெட்டி நிறுத்தினாள், மறுபடி கேட்டாள். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. தலைமுடி கொட்டுமா? திரும்ப முளைக்குமா? வீட்டில் கோழி இருக்கிறதே, பரவாயில்லையா? கேட்க ஆரம்பித்த பிறகு அவளுக்கு நிற்கவில்லை. பிறகு மூன்று இடத்திலும் முழுப் பெயரை எழுதினாள். கடைசிக் காகிதத்தில் பெயர் கோடு தாண்டி ஓடிற்று.

ஐந்தரை மணிக்கு மிஸ்ஸி மாத்திரையைப் பொடித்து, கரண்டியில் சர்க்கரைப் பாகில் குழைத்து எடுத்து வந்தாள். “அடிக், மாக்கான் ஊபாட் யே” என்று மருந்து சாப்பிடச் சொல்லிக் கொஞ்சினாள் அந்த மலாய்க்காரப் பெண்.

டான்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கண்ணு, மருந்துடா. ஒரே வாய்” என்றாள் மரியகொரெட்டி.

பிள்ளை தலையை ஆட்டியது. கெஞ்சினாள். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அதட்டியும் பார்த்தாள். மூக்கைப் பிடித்து ஊற்றலாமா என்று மிஸ்ஸி சைகையால் கேட்டாள். வேண்டாம், ஈறு கிழியும். கடைசியில் டான்யா விரலிடுக்கு வழியாகச் சொன்னாள்:

“பெரியப்பா சொல்லியிருக்காங்க. அவங்க வந்து சரின்னு சொல்ற வரைக்கும் எதையும் சாப்பிடக் கூடாதாம். நான் பிராமிஸ் பண்ணிட்டேன்.”

அடப் பாவி மனுஷா! மத்தியானம் காதில் ஓதியது இதுதானா? எல்லா வாசலையும் அடைத்துவிட்டல்லவா போயிருக்கிறார்! மரியகொரெட்டிக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. மூன்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டு என்ன, நோய்க்காரி வாயைத் திறந்தால்தானே?

கைப்பேசியை எடுத்து இஞ்ஞாசியைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை எடுத்தார். பின்னால் லாரிகள் போகும் இரைச்சல். ரோட்டோரமாக நிறுத்தியிருந்தார்போல.

“சொல்லும்மா. நாலு பேருகிட்ட விசாரிச்சிட்டேன்...” அவர் குரலில் காலையில் இருந்த உறுதி இல்லை.

“மாமா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“ஹரோல்டும் போட்டானா?”

“இல்ல. அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் நான் போட்டேன். அவர் உங்ககிட்ட வரலையா?”

“இங்க வரலையேம்மா. போனும் எடுக்கல. நான் அங்க இருக்கான்னுதானே நெனச்சேன்!”

மூன்று மணி நேரமாக எங்கே போனான் அந்த மனிதன்? ஆனால் கையில் கரண்டி இருந்தது. முதலில் இது.

“மாமா, பிள்ளை மருந்து சாப்பிட மாட்டேங்குது. உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காம். நீங்க என்னைத் திட்டணும்னா அப்புறமா திட்டுங்க. வீட்டை விட்டே தள்ளி வைங்க. இப்ப அவகிட்ட ஒரு வார்த்தை சாப்பிடச் சொல்லுங்க.”

கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு டான்யாவின் மடியில் வைத்தாள். பிள்ளை குனிந்து பார்த்தது.

“பெரியப்பா?”

பிள்ளை ஒரு கையை மட்டும் வாயிலிருந்து எடுத்துக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டது.

“பெரியப்பா, நான் சாப்பிடட்டுமா?”

“எல்லாரும் ஒண்ணுபோலத்தான்மா சொல்றாங்க” என்று அவர் குரல் வந்தது. பேசியது பிள்ளையிடமா, அதன் தாயிடமா என்று தெரியவில்லை. “ஒரு நாள்கூட விடக் கூடாதாம். நான்தான்... எனக்கு எதிர்ல உட்கார்ந்து பேசத்தான் தெரியும். வேற என்ன தெரியும் எனக்கு? எவ்வளவு பேசினாலும் குறைச்சுக்க மாட்டேங்குதே கொரெட்டி...”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நிர்வாகியும் வக்கீலும் போலீசும் வந்து நின்றபோது குரல் உடையாத மனிதர், ரோட்டோரத்தில் மோட்டார்மேல் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டு அழுதார். ஒலிபெருக்கி வழியாக அந்தச் சத்தம் கட்டிலைச் சுற்றிலும் கேட்டது. எட்டி எடுக்க மரியகொரெட்டி கையை நீட்டினாள். டான்யா கைப்பேசியை விடவில்லை.

“அழாதீங்க பெரியப்பா. நான் சாப்ட்டுடறேன். இங்க பாருங்க, சாப்பிடுறேன்.”

வாயிலிருந்து கையை எடுத்தாள். பெரிதாகத் திறந்தாள். மரியகொரெட்டி கரண்டியை உள்ளே விட்டாள். கசப்பில் பிள்ளையின் கண்ணெல்லாம் கலங்கிற்று. ஆனாலும் ஒரு சொட்டு வெளியே துப்பவில்லை. மிஸ்ஸி கொடுத்த தண்ணீரை இரண்டு மடக்குக் குடித்தது. “முடிஞ்சிருச்சு பெரியப்பா” என்று சொல்லித் தானே கைப்பேசியை அணைத்தது.

மிஸ்ஸி நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்விட்டாள். மரியகொரெட்டி காலிக் கரண்டியோடு நின்றாள். ஹரோல்டின் எண்ணை அடிக்க வேண்டும். டான்யா புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, தாயின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“பெரியப்பா காய்ச்சலுக்கெல்லாம் அழ மாட்டாங்கம்மா. எனக்கு என்ன வந்திருக்கு?”